முதிரைக்கு ஓர் அலகு, பூவரசுக்கு ஓர் அலகு

ஸ்க்ரோல் சோ வாங்கப்போகிறேன், எந்த மெசின் நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன மரம் அரியப்போகிறீர்கள்? மெசினைப் பற்றி யூரியூப்பில் ஆயிரம் பேர் பேசுகிறார்கள். எங்கள் மரத்தைப் பற்றி அங்கே பேச ஆளில்லை. அவர்கள் அரிவது பைன், பொப்லர், மேப்பிள், வோல்நட். யாழ்ப்பாணத்து மரக்காலைக்குப் போனால் கிடைப்பது வேம்பு, முதிரை, பலா, தேக்கு. அவர்களுடைய அட்டவணையில் முக்கால் அங்குலப் பலகைக்கு 5ஆம் நம்பர் அலகு என்று போட்டிருக்கும். அதை நம்பி அதே அலகைக் காய்ந்த முதிரையில் வைத்தால், ஒரு தாமரை இதழைச் சுற்றி வருவதற்குள் மரம் கருகி மணக்கத் தொடங்கிவிடும். அட்டவணை பொய் சொல்லவில்லை. அது வேறு காட்டு மரத்துக்கு எழுதியது, அவ்வளவுதான். எங்கள் மரத்துக்கு என்ன செய்யலாம் என்று நான் கைப்பழக்கத்தில் கண்டதையும் கேட்டறிந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்த மெசினைக் கண்டிராதவர்களுக்கு: தோற்றத்தில் தையல் மெசினின் சாயல். ஊசி இருக்கவேண்டிய இடத்தில் பல் வெட்டிய மெல்லிய அலகொன்று மேலும் கீழும் ஓடும். அலகு தன் இடத்திலேயே நிற்க, பலகையைத்தான் கையால் திருப்பவேண்டும். பலகையின் நடுவில் சின்னத் துளை போட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றி அதற்குள் கோத்துத் திரும்பப் பூட்டினால், வெளி விளிம்பைத் தொடாமலே உள்ளே பூ வெட்டலாம். பாண்ட் சோவால் அது முடியாது. ஜிக்சோவால் ஒப்பேற்றலாம், நுணுக்கம் வராது.

வேலை எங்களுக்குப் புதிதில்லை, மெசின்தான் புதிது. வண்ணார்பண்ணையிலும் நல்லூரிலும் சுன்னாகம், பருத்தித்துறைப் பக்கங்களிலும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் கதவு நிலைக்கு மேலே, யன்னலுக்கு மேலே, காற்றுப் போக வைத்த பூவெட்டுப் பலகைகளை அண்ணாந்து பாருங்கள். தாமரை, கொடி, அன்னம், மாங்காய், கும்பம். வெயில் சாயும் நேரத்தில் அந்தப் பூவெல்லாம் எதிர்ச் சுவரில் நிழலாக விழும். கையால் அரிந்தவை அவை. இரும்பு வில்லில் மெல்லிய அலகை இழுத்துக் கட்டி, பலகையைச் சட்டத்தில் இறுக்கி, மணிக்கணக்காக இருந்து வெட்டியிருக்கிறார்கள். கிட்டப் போய் விரலை விட்டுப் பார்த்தால் உள்விளிம்பில் பல் தடம் இன்னும் தட்டுப்படும். வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பிய பலர் கண்டது கதவும் யன்னலும் கூரைமரமும் இல்லாத வெறும் சுவர்களைத்தான். யுத்தம் விட்டுவைத்ததை இப்போது அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வெளியேற்றுகின்றன. நான் மெசின் எடுத்ததே இந்தப் பலகைகளில் உடைந்த இதழ்களைத் திரும்ப வைப்பதற்காகத்தான். கீழே சொல்வதெல்லாம் அந்த வேலையில் நின்று சொல்வது.

மெசினை விரைவாகவே முடித்துவிடுகிறேன். அலகைப் பிடிக்கும் முறைதான் முதலில் பார்க்கவேண்டியது. மலிவு மெசின்கள் சிலவற்றில் இரண்டு முனையிலும் குறுக்காக ஊசிபோல் பின் உள்ள அலகு மட்டும்தான் பூட்டலாம். அந்தப் பின் நுழைய ஐந்து மில்லிமீற்றர் அளவில் துளை போடவேண்டிவரும். கொடியின் நுனிக்குள் அவ்வளவு பெரிய துளைக்கு எங்கே போவது? பின் இல்லாத, வெறும் முனையுள்ள ஐந்து அங்குல அலகைப் பிடிக்கும் மெசினாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்தது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. அலகு நிமிடத்துக்கு 400 தடவை ஏறியிறங்குவதிலிருந்து 1600க்கு மேல் வரை போகும் மெசின்கள் இருக்கின்றன. எங்கள் கடின மரத்துக்கு அந்தக் கீழ் எல்லைதான் அதிகம் உதவும். அலகிலிருந்து மெசினின் பின்சட்டம் வரையுள்ள கழுத்தின் நீளம் 16 அங்குலம் இருந்தால் பெரும்பாலான நிலைப்பலகைகளுக்குப் போதும்.

கனடாவில் இருக்கும் உறவுக்காரர் மெசின் அனுப்புகிறேன் என்றால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். நேரே சொருகினால் மோட்டர் போய்விடும். ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ற்றை இறக்கித் தரும், ஹேர்ட்ஸை மாற்றித் தராது. சாதாரண இண்டக்‌ஷன் மோட்டர் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடுவதோடு கூடச் சூடும் ஆகும். லண்டனிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வருவதற்கு இந்தச் சிக்கல் இல்லை. கனடா ஆட்களிடம் அலகு கேளுங்கள். கடித உறைக்குள் இரண்டு டசின் அடங்கும், பாரமும் இல்லை. சுவிற்சர்லாந்தின் பெகாஸ், அமெரிக்காவின் ஓல்சன் எல்லாம் அங்கே இலகுவாகக் கிடைக்கும். மலிவு மெசினில் நல்ல அலகு பூட்டி அரிந்த பலகையையும், விலை கூடிய மெசினில் மட்டமான அலகு பூட்டி அரிந்த பலகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கட்சிக்கு வருவீர்கள்.

இனி அலகு. நம்பர் கூடக் கூட அலகு அகலமும் தடிப்பும் கூடும், பல்லின் எண்ணிக்கை குறையும். 2ஆம் நம்பர் அலகு முக்கால் மில்லிமீற்றர் அகலம், அங்குலத்துக்கு 20 பல் அளவில். 5ஆம் நம்பர் ஒரு மில்லிமீற்றர் அகலம், 0.4 மில்லிமீற்றர் தடிப்பு, அங்குலத்துக்கு 12, 13 பல். 12ஆம் நம்பர் ஒன்றரை மில்லிமீற்றர் அகலத்தில் அங்குலத்துக்குப் பத்துக்கும் குறைவான பல். எந்த நேரமும் மூன்று பல்லாவது மரத்துக்குள் நிற்கவேண்டும் என்பது பழைய கணக்கு. 5ஆம் நம்பரில் பல்லுக்குப் பல் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி. ஆகவே ஆறு மில்லிமீற்றருக்கு மெல்லிய பலகையில் அதைப் பூட்டினால் பலகை துள்ளும், அடியில் சிலும்பும்.

மெல்லிய பலகைக்கு அந்தக் கணக்கு போதும். தடித்த கடின மரத்தில் பிரச்சினை வேறு: தூள் வெளியே வராது. பல்லுக்கிடையில் தூள் அடைத்துக்கொண்டால் அலகு வெட்டாது, உரசும். உரசினால் சூடு, சூட்டில் மரம் கருகும், அலகின் உரமும் போகும். அதனால்தான் முதிரைக்கு நான் ஒரு பல் விட்டு ஒரு பல் உள்ள அலகைப் பூட்டுகிறேன், அட்டவணை சொல்வதைவிட இரண்டு நம்பர் கூட்டி. முக்கால் அங்குல முதிரைக்கு 7. ஒரு அங்குலம் என்றால் 9. வேகத்தைப் பாதிக்கு இறக்கி, வரைபடத்துக்கு மேலே பெட்டி ஒட்டும் ஒளிபுகும் ரேப் ஒரு படை ஒட்டிவிடுவேன். அந்த ரேப் அலகுக்கு வழுக்கல் கொடுக்கும், கருகுவது கண்கூடாகக் குறையும்.

கீழ்ப்பக்கச் சிலும்பலுக்கு மருந்து, அடியில் சில பற்கள் மேல்நோக்கிப் பார்க்கும் அலகு. பூட்டும்போது பலகையின் அடிக்கு மேலே அந்தத் தலைகீழ்ப் பல் இரண்டு மூன்று மட்டும் எட்டிப் பார்க்கும்படி உயரத்தைச் சரிசெய்யவேண்டும். கூடினால் பலகையைத் தூக்கி அடிக்கும். சுருள் அலகென்று ஒன்றும் உண்டு, எல்லாப் பக்கமும் வெட்டும், பலகையைத் திருப்பத் தேவையில்லை. விளிம்பைக் கரடாக்கிவிடும் என்பதால் பூவெட்டுப் பலகைக்கு அதை நான் பாவிப்பதில்லை.

பெரும்பாலான அலகுகளின் ஒரு பக்கத்தில், உலோகத்தை வெட்டி எடுத்தபோது நின்றுவிட்ட நுண்ணிய பிசிர் இருக்கும். அந்தப் பக்கம் கூட வெட்டும். அதனால் நேரே தள்ளினாலும் கோடு ஒரு பக்கம் சரியும். இது மெசினின் பழுதல்ல. பலகையை இரண்டு மூன்று பாகை சாய்த்துத் தள்ளப் பழகினால் கோடு நேரே வரும். புது அலகைப் பூட்டியதும் மெசினை ஓடவிட்டு, அலகின் முதுகில் சாணைக்கல்லை மெதுவாகப் பிடித்து விளிம்பை உருட்டிவிட்டால் சின்ன வளைவுகளில் சிக்காமல் திரும்பும். விறைப்பு சரியா என்று விரலால் தட்டிக் கேளுங்கள். தம்புராக் கம்பிபோலத் தெளிவாக ஒலிக்கவேண்டும். மந்தமாகச் சத்தம் வந்தால் தடித்த பலகையில் அலகு வயிறு வைத்து, மேலே வட்டமும் கீழே முட்டையுமாக வெட்டும்.

தள்ளும் கை பற்றி, தேர்வேலை செய்த வயதான ஆசாரியார் ஒருவர் என் தோளுக்குப் பின்னால் நின்று சொன்னது: “தம்பி, உதை அமத்தாதை. வாள் தன்ரபாட்டில அரியட்டும், நீ வழியை மட்டும் காட்டு.” அமத்தவேண்டிவந்தால் அலகு மழுங்கிவிட்டது என்று பொருள். கடின மரத்தில் கால்மணி, அரைமணி நேரத்தில் ஓர் அலகின் ஆயுள் முடிந்துவிடும். கழற்றிப் போடுங்கள். மழுங்கிய அலகைச் சேமிப்பது பலகையைச் செலவழிப்பது.

மரங்களுக்கு வருகிறேன். வேம்பு எங்கள் வாசல் மரம். மஹோகனியின் குடும்பம்தான், நிறத்திலும் அந்தச் சிவப்பு தெரியும். ரேகை ஒன்றுக்கொன்று எதிராக ஓடுவதால் சீவுளிக்குச் சண்டித்தனம் காட்டும். ஆனால் மெல்லிய அலகுக்கு நல்ல மரம், 5ஆம் நம்பர் சந்தோசமாக ஓடும். பூச்சி அண்டாது. தூள் தொண்டைக்குள் கசக்கும்.

முதிரை கறிவேப்பிலை, விளாத்தியின் குடும்பம் என்றால் நம்பமாட்டீர்கள். அரிந்து மினுக்கினால் பட்டுத்துணிபோல் வெளிச்சத்தில் ஓடும் அந்த மினுக்கம் வேறு மரத்துக்கு இல்லை. வன்னியிலிருந்து வரும் இந்த மரம் பாரமும் வைரமுமானது. அதன் தூள் சிலருக்குத் தோலில் சொறியையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள், வேலை முடிந்ததும் கழுத்தையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எந்த மரமானாலும் முகக்கவசம் கட்டாயம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. ஸ்க்ரோல் சோவின் தூள் மாவைவிட நுண்மை, முகமோ அதற்கு ஒரு சாண் தூரத்தில். மெசினோடு வரும் ஊதுகுழாய் கோட்டைத் துப்புரவாக்கும், ஆனால் தூளை உங்கள் மூக்குக்குத்தான் அனுப்பும். கதவு யன்னலைத் திறந்துவைத்து, காற்றாடியை உங்கள் முதுகுப்பக்கம் வைத்து வேலை செய்யுங்கள்.

பலா மஞ்சளாக வந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொன்னாகி, பிறகு தேன் நிறத்துக்குப் போகும். பழைய பலகையில் உடைந்த இதழுக்குப் புதுப் பலா ஒட்டினால் ஒட்டு அப்பட்டமாகத் தெரியும். சாயம் பூசி ஒளிக்கப் பார்க்காதீர்கள், ஒட்டுவதற்கு முன் துண்டைச் சில வாரம் வெயிலில் வையுங்கள், தன்பாட்டில் நிறம் கிட்ட வந்துவிடும். மிருதங்கத்துக்குக் கடையும் அதே மரம் என்பதால் பட்டறைகளில் கழிவுத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். பலாவையும் பெண்பனையையும் நினைத்தபடி தறிக்க 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் விடாது. எந்த மரத்தையும் பற்றுச்சீட்டுத் தரும் மரக்காலையில் வாங்குங்கள்.

தேக்கில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா மணி இருக்கிறது. மரம் மென்மையாகத் தோன்றினாலும் அலகு சீக்கிரம் மழுங்குவது அதனால்தான். எண்ணெய்ப் பற்றும் உண்டு. ஒட்டுவதற்கு முன் தின்னரால் துடைக்கவேண்டும். பனையைப் பலர் கேட்கிறார்கள். மற்ற மரத்தில் வைரம் உள்ளே, பனையில் வைரம் வெளியே. கறுப்பு நார்கள் ஊசிகளாக ஓட, இடையில் மென்சதை. நேர்க்கோட்டு வேலைக்கு அதைப்போல் அழகு இல்லை. ஆனால் நுணுக்கமான வளைவில் நார் பிரிந்து கையில் சிராய் ஏறும்.

எனக்குப் பிடித்தது பூவரசு. பெரிய மரக்காலையில் தேடாதீர்கள், வேலியில் தேடுங்கள். சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய அதே மரம், வயது போனால் உள்ளே சொக்கலேற் நிறத்தில் வைரம் கட்டியிருக்கும். மதிலுக்காக வேலி பிடுங்கும் வீடுகளில் அந்தத் தண்டுகள் விறகாகப் போகின்றன. கேட்டு வாங்குங்கள். அடர்த்தியான, நெய்ப்பான மரம். 3ஆம் நம்பர் அலகில் அரை அங்குலப் பலகையாக அரிந்தால் விளிம்புக்கு அரத்தாளே தேவையில்லை. அகலப் பலகை கிடைக்காது, ஒடுங்கிய துண்டுகளை ஒட்டித்தான் எடுக்கவேண்டும். பச்சையாக அரிந்தால் வெடிக்கும். அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் நிழலில் காயவிடுவது பொதுவான கணக்கு; வெட்டுமுகத்தில் பெயின்ற் பூசிவைத்தால் நுனி வெடிப்பது குறையும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் மரமோ பல பத்தாண்டுகள் காய்ந்தது, அதற்கு ஈடில்லை. காந்தம் ஒன்றைத் தடவி ஆணியைத் தேடிவிட்டு மெசினில் வையுங்கள்.

வரைபடம் ஒட்டும்போது ரேகையைப் பாருங்கள். நீண்டு மெலிந்த கொடித்தண்டு ரேகையோடு போகவேண்டும். குறுக்கே போனால் ஒட்டடை தட்டும்போதே முறியும். பழைய ஆசாரிமார் கொடியை இதழோடும் இதழைச் சட்டத்தோடும் தொடுத்துக்கொண்டே போனது அலங்காரத்துக்கு மட்டுமல்ல, முறியவேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாங்கல் அது. அரத்தாள் வேலையை அரியுமுன் தட்டைப் பலகையிலேயே 220ஆம் நம்பர் தாள் வரை முடித்துவிடுங்கள். மாஸ்கிங் ரேப்பை ஒட்டி அதன்மேல் பசை பூசி வரைபடம் ஒட்டினால் கடைசியில் உரிப்பது சுகம். நடுவிலிருந்து தொடங்கி, சின்னத் துளைகளை முதலில் வெட்டி, வெளி விளிம்பை ஆகக் கடைசியில் வெட்டவேண்டும். கைக்குப் பலகையின் பாரம் கடைசிவரை வேண்டும். மேசைத் துளை பெரிதாக இருந்தால் பழைய பிளாஸ்ரிக் காட் ஒன்றில் ஊசித்துளை போட்டு மேலே ஒட்டுங்கள், மெல்லிய இதழ்கள் அடியில் தாங்கலோடு நிற்கும். ஒரே மாதிரி சோடிப் பலகை தேவையென்றால் இரண்டையும் சேர்த்து ஒட்டி ஒரே தடவையில் அரியலாம். அடுக்கி அரியும் இந்த உத்தியில் பேர்பெற்றவர் ஃபிரான்ஸின் ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732). ஆமை ஓட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றாக வைத்து அரிந்து, ஒன்றின் பூவை மற்றதன் குழிக்குள் பதித்தார்.

பூச்சுக்கு வரும்போது தூரிகையை மறந்துவிடுங்கள். நூறு உள்விளிம்புள்ள பலகையில் தூரிகை போட்டால் மூலைக்கு மூலை வார்னிஷ் கட்டியாக நிற்கும். லின்சீட் எண்ணெயைப் பாதிக்குப் பாதி டேர்ப்பன்டைனோடு கலந்து தட்டில் ஊற்றி, பலகையை அமிழ்த்தி எடுத்து, கால்மணி கழித்துத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு நாள் விட்டு இன்னொரு தடவை. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. லின்சீட் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் போடுங்கள்.

அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பொலிஷ் முதிரையின் மினுக்கத்தைத் தூக்கிக் காட்டும். சுவாமி அறைக்கும் உள்வீட்டுக்கும் அது சரி. தண்ணீர் பட்டால் வெளுத்துப்போகும் என்பதால் விறாந்தைக்கு வேண்டாம். கடற்காற்றும் வெயிலும் படும் முகப்புக்கு நான் எண்ணெய்தான் சொல்வேன். கண்ணாடிபோல் நிற்கும் வார்னிஷ் சில வருடத்தில் வெடித்து உரியும்போது ஒவ்வொரு துளையாகச் சுரண்டவேண்டும். எண்ணெய் என்றால் வருடத்துக்கு ஒருமுறை மழைக்கு முன்னர் துடைத்துவிட்டு மேலே பூசினால் முடிந்தது. சோளகம் வீசும் மாதங்களில் ஈரப் பூச்சை வெளியே வைக்காதீர்கள், புழுதி முழுக்க அதில்தான். மாரியில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும். பலகையைச் சட்டத் தவாளிப்புக்குள் கொஞ்சம் அசைய விடுங்கள். நாலு பக்கமும் ஆணி அடித்தால் நடுவால் வெடிக்கும்.

பழைய பலகையில் படை படையாக எனாமல் இருந்தால் காய்ந்தபடி அரத்தாள் போடாதீர்கள். அந்தக் காலப் பெயின்றில் ஈயம் இருக்கலாம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூள் பறக்கவே கூடாது. பெயின்ற் ரிமூவர் பூசி ஊறவைத்து ஈரமாகவே வழித்தெடுங்கள்.

திருத்த வழியே இல்லை, கழற்றித்தான் ஆகவேண்டும் என்ற பலகை உங்கள் வீட்டில் இருந்தால், கழற்றுமுன் ஒரு மத்தியானத்தை அதற்கு ஒதுக்குங்கள். பெரிய வெள்ளைத் தாளை மேலே பரப்பி ஒட்டி, மெழுகுக் கலர்க்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் விளிம்பெல்லாம் அச்சாக விழும். அடிமட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து நேரே நின்று படம் எடுங்கள். தாளின் மூலையில் ஊர், மரம், தடிப்பு, ரேகை ஓடும் திசை, எந்த அறையின் எந்த வாசல் என்று எழுதுங்கள். சோடிப் பலகை என்றால் இடம், வலம் என்றும் குறியுங்கள், பல வீடுகளில் இரண்டும் ஒன்றல்ல, அன்னங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். தாளை மடிக்காமல் சுருட்டி எனக்கு அனுப்பினால் வரைபடமாக்கித் திருப்பி அனுப்புகிறேன், காசு வேண்டாம். பலகையை விறகுக்குப் போடுவதாக இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.